பிறர் கொடையும் நாட்டின் வறுமையும்

கொழும்புத் துறைமுகத்தை அடுத்திருப்பது கொட்டாஞ்சேனை. கப்பலில் வந்திறங்கும் அரிசியையும் கோதுமை மாவையும் தோளில் சுமந்து கரை சேர்த்த தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி அது. காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால் வருவது வெள்ளவத்தை; உத்தியோகத்தரும் ஆசிரியரும் வணிகரும் மிகுதியாகக் குடியிருக்கும் பகுதி. வாழ்க்கை நிலையில் வேறுபட்ட இவ்விரு பகுதி மக்களையும் 2022ஆம் ஆண்டு ஒரே நிலைக்குக் கொணர்ந்தது. மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் இரு சாராரும் நெடுநேரம் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. சுதந்திரம் பெற்ற பின்னர் இத்தகைய நிலை அதற்கு முன் ஒருபோதும் நேர்ந்ததில்லை.

பிற நாடுகள் அளிக்கும் உதவியும் கடன் நிவாரணமும் ஓர் ஏழை நாட்டின் வறுமையைப் போக்கிவிடுமா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொழும்பு மாநகரிலேயே தொடங்கலாம்.

1950ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பிலே கூடினர். வறுமையில் வாடும் ஆசிய நாடுகளுக்குப் பொருளுதவியும் தொழில்நுட்ப உதவியும் அளிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே உருப்பெற்றது. அவுஸ்திரேலிய அமைச்சர் பேர்சி ஸ்பெண்டரும் இலங்கை நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனாவும் அதனை முன்னின்று வலியுறுத்தினர். 1951ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அத்திட்டம், பிறந்த நகரின் பெயராலேயே கொழும்புத் திட்டம் என வழங்கலாயிற்று.

அக்காலத்து இலங்கையை இரந்து நின்ற நாடு என்று சொல்லுதல் பொருந்தாது. போர்க்காலத்தில் ஏற்றுமதியான தேயிலைக்கும் இறப்பருக்கும் ஈடான பணம் இலண்டனில் இலங்கையின் பெயரில் சேர்ந்து கிடந்தது. 1953ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இலண்டனில் மேற்கு ஜேர்மனியின் கடன்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, எஞ்சியதைச் செலுத்த நீண்ட தவணையும் அளித்த உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. அதிற் கையொப்பமிட்ட கடன்கொடுத்தோர் வரிசையில் இலங்கையும் இருந்தது. ஐரோப்பிய நாடொன்றின் சுமையை இறக்கி வைத்தோருள் இச்சிறு தீவும் ஒன்று என்பது பலர் அறியாத செய்தி.

ஆயினும் அதே ஆண்டிலேதான் சோதனையும் வந்தது. கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை வீழ்ந்திருந்தது; அரிசி விலையோ உயர்ந்து நின்றது. யூலை மாதத்தில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகத்து 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது, உயிர்கள் பலியாயின. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே அமைச்சரவை கூடிற்று. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். கொழும்புத் திட்டத்தை முன்மொழிந்த அதே நிதியமைச்சரே அரிசி விலையையும் உயர்த்த நேர்ந்தது. திட்டங்கள் தீட்டுவது ஒன்று. ஏழையின் உலைப்பானையில் அரிசி வேகுவது வேறொன்று.

இவ்விடரிலிருந்து நாட்டை ஓரளவு காத்தது கொடையன்று, வாணிகம். 1952ஆம் ஆண்டு திசம்பரில் சீனாவுடன் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தப்படி, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 2,70,000 தொன் அரிசியை இலங்கை பெற்றது. உலகச் சந்தையிலும் கூடிய விலையைச் சீனா இறப்பருக்கு அளித்தது. உழைப்பின் விளைவுக்கு நியாயமான விலை கிடைத்தால் கையேந்தும் தேவை குறையும் என்பதற்கு இவ்வொப்பந்தம் சான்று.

அவ்வாறாயின் உதவியினால் நன்மையே விளையவில்லையோ? அங்ஙனம் கூறுதலும் நன்றி மறத்தலாகும். 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டது. பின்னர் டி.டி.டி. மருந்துத் தெளிப்பாலும் உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றின் துணையாலும் அந்நோய் ஒடுங்கி, 1963ஆம் ஆண்டில் வெறும் 17 பேரையே பீடித்தது. காவல் தளர்ந்ததும் சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கானோரை அது மீண்டும் பற்றியது. மறுபடியும் விடாது முயன்றதன் பயனாக, 2016ஆம் ஆண்டு மலேரியா அற்ற நாடென இலங்கை சான்று பெற்றது. மருந்தும் பணமும் வெளியிலிருந்து வந்தன. கிராமந்தோறும் சென்று குருதி சோதித்த ஊழியரும், 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி பெற்று அறிவுரையை விளங்கிக்கொண்ட மக்களும் இந்நாட்டினர். இவ்விரண்டும் இணைந்த இடத்தில் உதவி பலித்தது.

உதவிக்கு வேறொரு முகமும் உண்டு. எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்துக்களை அரசாங்கம் பொறுப்பேற்று, நட்டஈடு தாமதமானபோது, 1963ஆம் ஆண்டு அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1965இல் ஆட்சி மாறி, நட்டஈட்டுக்கு இணக்கம் காணப்பட்ட பின்னரே அது மீண்டும் வந்தது. கொடுக்கும் கை தன் விருப்பையும் உடன் கொண்டு வருகிறது.

1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் மகாவலித் திட்டம் துரிதமாக்கப்பட்டது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் உதவின. மின்னொளியும் நெல்லும் பெருகின. அன்று கிடைத்தவற்றுட் பெரும்பகுதி நன்கொடையாகவோ, குறைந்த வட்டியும் நீண்ட தவணையுமுடைய கடனாகவோ அமைந்தமை கருதத்தக்கது.

2007ஆம் ஆண்டு முதல் அந்நிலை மாறியது. இலங்கை உலகச் சந்தையிற் கடன்முறிகளை விற்கத் தொடங்கியது. வட்டி உயர்வு, தவணை குறைவு. 2022இல் இம்முறிகளின் கடன் மட்டுமே ஏறத்தாழ 1,250 கோடி டொலராயிற்று. 2019ஆம் ஆண்டு இறுதியில் வரிகள் பெரிதும் குறைக்கப்பட்டன. நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 8 பங்கும் வரியாகச் சேராத நிலை உண்டாயிற்று. கொள்ளைநோய் சுற்றுலாவை முடக்கியது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடை விளைச்சலைக் குலைத்தது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2021இல் நூற்றுக்கு 13 பேராக இருந்த வறியோர் 2022இல் ஏறத்தாழ 25 பேராயினர்.

அந்நெருக்கடியில் நட்புக்கரங்கள் நீளாமலில்லை. இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குத் துணை நின்றது. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் மே மாதத்தில் கொழும்புத் துறைமுகம் வந்து சேர்ந்தன. பசித்தவனுக்கு அது அமுதம். ஆயினும் வந்த மூட்டை தீர்ந்தால் பசி திரும்பும்.

2023இல் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு இணங்கியது. 1965இலிருந்து அதனுடன் இலங்கை செய்துகொண்ட பதினேழாவது ஏற்பாடு அது. 2024இல் இந்தியா, யப்பான், பிரான்சு ஆகியவற்றைத் தலைமையாகக் கொண்ட கடன்கொடுத்த நாடுகளின் குழுவுடனும், பின்னர் கடன்முறி உடையோருடனும் உடன்பாடு ஏற்பட்டது. அந்நாடுகள் அசலைத் தள்ளாது, வட்டியைக் குறைத்துத் தவணையை நீட்டின. மறுபுறம் பெறுமதி சேர் வரி 2024ஆம் ஆண்டு சனவரியில் நூற்றுக்கு 18 ஆயிற்று. கொட்டாஞ்சேனைச் சுமைதூக்குவோனும் வெள்ளவத்தைச் செல்வரும் கடையில் ஒரே விகிதத்தில் செலுத்தும் வரி இது. யாருக்கு இலகுவாயிற்று கடன், யார் தோளில் ஏறிற்று அதன் பாரம் என்பதே இங்கு எழும் கேள்வி.

கடன் நிவாரணம் மூச்சுவிட அவகாசம் தருகிறது. அதனை மறுத்தல் கொடுமை. பள்ளிக்கும் மருந்துக்கும் செல்ல வேண்டிய பணம் அப்போது வட்டிக்கே போய்விடும். ஆனால் அவகாசம் வேறு, வாழ்வு வேறு. வல்லவர் தத்தம் வலிமைக்கேற்ப வரி செலுத்துவதும், பெற்ற பணம் எங்கே சென்றது என்று மக்கள் கணக்குக் கேட்பதும், நாட்டின் விளைபொருளுக்கு உலகம் நேர்மையான விலை தருவதும் வறுமையை வேரறுக்க வேண்டியவை. 1953இல் பிறர் கடனைக் குறைக்கக் கையொப்பமிட்ட நாடு, எழுபது ஆண்டுகளின் பின் தன் கடனைக் குறைக்குமாறு பிறரை வேண்டி நின்றது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. கடலைத் தாண்டி வரும் பணத்துக்கும் அம்மொழி பொருந்தும்.