பங்குனி அறுவடை வீட்டுக்குள் வரும் முன்: எலி, வண்டு, கரையான், பாம்பு தடுப்பு முறைகள்

செஞ்சி, விக்கிரவாண்டி, விழுப்புரம் வட்டாரத்தில் மாசி, பங்குனி என்றால் வயலில் இருந்ததெல்லாம் வீட்டுக்கு வரும் காலம். சம்பா நெல் மூட்டையாகியிருக்கும். உளுந்து களத்தில் காயும். மார்கழிப் பட்டத்தில் போட்ட மல்லாட்டை சித்திரைக்குள் பிடுங்கப்படும். புளி உலுக்குவதும் இப்போதுதான். வயல் காலியானதும் அங்கே தின்று வளர்ந்த எலிகளும் மூட்டைகளின் பின்னாலேயே ஊருக்குள் வந்துவிடுகின்றன. எலி வந்த வீட்டுக்குப் பாம்பு வர அதிக நாள் ஆகாது.

ஆகவே, மண்டகப்பட்டு போன்ற ஊர்களில் தோட்டமும் மாட்டுக்கொட்டகையும் சேர்ந்த வீடு வைத்திருப்பவர்கள், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் தானிய அறையிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.

தானிய அறை

புது மூட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே அறையைக் காலி செய்யுங்கள். மூலையில் கிடக்கும் பழைய நெல், தவிட்டுத் தூசு, கிழிந்த சாக்கு ஆகியவற்றில்தான் போன ஆண்டு வண்டுகள் உயிரோடு இருக்கின்றன. கூட்டி அள்ளியதை வாசலில் கொட்டாமல் எரித்துவிடுங்கள், அல்லது கோழிக்குப் போடுங்கள். பழைய சாக்குகளைக் கொதிநீரில் முக்கி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

நெல்லின் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். மல்லாட்டையைக் காதருகே குலுக்கினால் பருப்பு ஆடும் சத்தம் கேட்க வேண்டும். மூட்டைகளைத் தரையில் நேரடியாக அடுக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். சுவரை ஒட்டிய மூட்டை ஈரம் வாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இடுக்கில் எலி ஓடுவதும் நம் கண்ணில் படாது.

பயறு வண்டு வீட்டில் பிறப்பதில்லை. வயலில் காய் முற்றும்போதே முட்டையிட்டுவிடுகிறது. நாம்தான் அதை வீட்டுக்குச் சுமந்து வருகிறோம். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். விதைக்கு வைக்கும் உளுந்துக்குக் கிலோவுக்கு 10 மில்லி வேப்பெண்ணெய் கலந்து வைக்கலாம். சமையலுக்கு வைப்பதைப் பானையில் கொட்டி, மேலே மூன்று அங்குலம் உலர்ந்த மணல் பரப்பினால் போதும். உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் வண்டு தொல்லை இன்னும் குறையும். முழுப்பயறில்தான் அது விரும்பி முட்டையிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று புளி. புளியங்கொட்டையைத் துளைக்கும் அதே வண்டுதான் மல்லாட்டையின் ஓட்டையும் துளைக்கிறது. இரண்டும் ஒரே பருவத்தில் வீட்டுக்கு வருவதால் ஒரே அறையில் போட்டுவிடுகிறோம். கொட்டை எடுக்காத புளியையும் விதை மல்லாட்டையையும் தனித்தனி அறையில் வையுங்கள். காசு செலவில்லாத தடுப்பு இது.

வண்டு இருக்கிறதா என்று பார்க்கக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி உதவும். தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றோட்டம் தேடி வரும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியில் விழுந்துவிடும். வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்தால், வண்டு பெருகும் முன்னரே மூட்டையை வெயிலுக்குக் கொண்டுபோகலாம்.

எலி

பென்சில் நுழையும் ஓட்டை இருந்தால் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழையும் ஓட்டையில் வளர்ந்த எலி நுழையும். ஒரு மாலை நேரம் ஒதுக்கி வீட்டைச் சுற்றி வாருங்கள். கதவின் அடி இடுக்கு, கழிவுநீர்க் குழாய், கூரை ஓட்டுக்கும் சுவருக்கும் இடைவெளி, மின்கம்பி நுழையும் துளை எல்லாவற்றையும் பாருங்கள். மண் வைத்து அடைத்தால் மறுநாளே தோண்டிவிடும். கண்ணாடிச் சில்லு கலந்த சிமென்ட் அல்லது சன்னக் கம்பி வலை வைத்து அடைக்க வேண்டும். கதவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தகரப்பட்டை அடிப்பது பழைய முறை. இன்றைக்கும் அதற்கு ஈடு இல்லை.

பொறி வைத்தும் விழவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எலி புதுப் பொருளைக் கண்டால் பயப்படும். முதல் இரண்டு மூன்று நாள் பொறியை விசை ஏற்றாமல், கருவாடோ மசால்வடையோ வறுத்த மல்லாட்டையோ வைத்துத் தின்னவிடுங்கள். பிறகு விசை ஏற்றுங்கள். பொறி சுவரை ஒட்டி இருக்க வேண்டும். எலி நடு அறையில் நடக்காது. ஓர் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈட்டுக்கு ஆறு, எட்டு என்று இருக்கும். எனவே ஒரு வீடு மட்டும் பொறி வைத்துப் பயனில்லை. தெருவே சேர்ந்து ஒரே வாரத்தில் வைத்தால் பலன் தெரியும். வரப்பு வளைகளில் எலி பிடிக்கத் தெரிந்த இருளர் குடும்பங்கள் இந்தப் பகுதியில் பல ஊர்களில் இருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் அவர்களை அழைத்துக் கூலி கொடுத்துப் பிடிக்கச் சொல்வது எந்த மருந்தையும் விட மேல். வளையில் எலி சேர்த்துவைத்த நெல்லும் வீணாகாது.

விஷ மருந்து கடைசி வழியாகவே இருக்கட்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. எங்காவது விற்றாலும் வாங்காதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ஆள் புழங்கும் வீட்டில் வைக்கவே கூடாது. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலிமருந்தின் நெடியைத் தூக்கத்தில் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். எலிக்காக அந்த அபாயத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. அவசியம் என்றால் 0.005 சதவீத புரோமடையலோன் கட்டியை, குழந்தையோ நாயோ கோழியோ எட்டாதபடி மூடிய பெட்டியில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். செத்த எலியைக் கையால் தொடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்.

கரையானும் ஈசலும்

மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் என்று அதைப் பெருமையாகச் சொல்கிறது. கரையானுக்கு அங்கே வேலையில்லை. நம் வீடுகளில் நிலை, கதவு, உத்தரம் எல்லாம் மரம்.

கோடை மழை பெய்த மாலையில் ஈசல் பறந்தால் பதற வேண்டாம். தோட்டத்துப் புற்றிலிருந்து கிளம்பியதாக இருக்கும். விளக்கை அணைத்தால் வீட்டுக்குள் வராது. ஆனால் சன்னல் மூடியிருந்தும் மறுநாள் காலை உள்ளே இறகுகள் குவிந்து கிடந்தால், கரையான் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். நிலைக்கால்களின் அடியிலும் சுவர் ஓரத்திலும் மண் கோடு ஓடுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். கோட்டைச் சுரண்டிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், திரும்பக் கட்டியிருந்தால் உயிருள்ள வழி அது. அங்கே ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவதுதான் பாதி வைத்தியம். விறகையும் வறட்டியையும் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள். மருந்து ஊற்ற வேண்டிய நிலை வந்தால் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு செய்யுங்கள். கிணறு, போர் பக்கத்தில் ஊற்றக்கூடாது. பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கமும் வேண்டாம். மண்தான் கெடும்.

தோட்டம்

தென்னையின் குருத்தை விசிறி வெட்டியதுபோல் ஆக்கும் காண்டாமிருக வண்டு உங்கள் எருக்குழியில்தான் வளர்கிறது. கோடை உழவுக்கு முன் எருவை அள்ளும்போது வெள்ளைப் புழுக்கள் உருண்டால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். எருக்குழியில் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையைக் கலக்கலாம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் நீரில் ஊறவைத்துப் பானைகளில் மரத்தடியில் வைத்தால் வண்டுகள் வந்து விழும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் போடுங்கள்.

மழைக்குப் பிறகு முருங்கையில் கம்பளிப்புழுக்கள் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். தீப்பந்தம் காட்டுவது பழைய வழி. கூரை வீட்டுக்குப் பக்கத்தில் அது ஆபத்து. நீளக் குச்சியால் சுரண்டிச் சோப்பு நீரில் தள்ளுங்கள்.

கொசுவுக்கு ஒரே வரி: தொட்டி, ஆட்டுக்கல், மாட்டுத் தாழி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். நீரை மட்டும் கொட்டினால், சுவரில் ஒட்டிய ஏடிஸ் கொசு முட்டை காய்ந்தும் சாகாது.

பாம்பு, தேள்

எலியைக் குறைத்தால் பாம்பும் குறையும். அதோடு, வைக்கோல் போர், விறகு, கல் குவியல் மூன்றும் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். செஞ்சிப் பக்கம் எங்கே தோண்டினாலும் கல்தான். அதை வீட்டு ஓரம் குவித்துவைப்பது தேளுக்கு வீடு கட்டித் தருவதுபோல. கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இரவில் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். எங்கே இருக்கிறது என்று அறிய எளிய வழி.

புழுக்கத்துக்குத் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் கட்டுவிரியனை நினைவில் வைக்க வேண்டும். இரவில்தான் நடமாடும். தூங்குபவரைக் கடித்தால் வலியும் இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சொருகல், பேச்சுக் குளறல் என்று எழுந்தால் அஜீரணம் என்று கஷாயம் கொடுத்து நேரத்தைக் கழிக்காதீர்கள். கட்டிலில் படுப்பது நல்லது. முடியாவிட்டால் கொசுவலையை நான்கு பக்கமும் பாயின் அடியில் செருகிப் படுங்கள். இரவு வெளியே போகும்போது டார்ச் இல்லாமல் போக வேண்டாம்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்காமல், எங்கே நுழைந்தது என்று ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தீயணைப்பு நிலையத்தை 101 எண்ணில் அழையுங்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கை காலை அசைக்காமல் 108 வாகனத்தில் செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். கடித்த நேரத்தையும், இமை சொருகல் போன்ற அறிகுறிகள் எப்போது தொடங்கின என்பதையும் மட்டும் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.