வண்டலூரில் மாறிய பின் அச்சு

தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூர் வட்டாரத்தில் இயங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை. 1961இல் அது தந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டை ஒட்டிய கார். பின் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். அப்போது அவற்றின் சாய்வும் மாறும். வேகமாக வளைத்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கிப் பிடிப்பை இழக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும். வாங்கியவர்களும் மெக்கானிக்குகளும் இந்த அமைப்பை முழுதாக நம்பவே இல்லை.

1972இல் இதே தொழிற்சாலையிலிருந்து வந்த கெஸல் கார், ஹெரால்டின் அதே 948 சிசி எஞ்சினோடு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைப் பின் அச்சைப் பெற்றது. குலுக்கல் சற்றுக் கூடினாலும் பழுது பார்ப்பது எளிது. அன்றைய நம் சாலைகளுக்கு அதுவே சரியான முடிவு.

கெஸல் 1977இல் நின்றது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் காரின் உடலுக்குள் வேறொரு பழைய எஞ்சினைச் சுமந்தது. நம் சாலைகளுக்காகத் தரையிலிருந்து காரின் உயரத்தைக் கூட்டியும் பயனில்லை. விலையும் பெட்ரோல் செலவும் அதை வீழ்த்தின. 1988இல் அதன் உற்பத்தியும் முடிந்தது.