புத்தளக் கரையில் தொண்டர் ஆசிரியர்: இடம்பெயர்ந்தோர் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தின் வடமேற்குக் கரையிலே, கடனீரேரியையும் உப்பளங்களையும் தென்னந்தோட்டங்களையும் தன்னகத்தே கொண்டு விளங்குவது புத்தளம். 1344ஆம் ஆண்டிலே மொரோக்கோ நாட்டுப் பயணியான இப்னு பதூதா வந்திறங்கிய கரை இதுவென்பர். தமிழ்ப் புலவர்தம் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலாக 1859இல் ஆங்கிலத்தில் தொகுத்தளித்த சைமன் காசிச் செட்டி, 1807இல் இக்கரையின் கற்பிட்டியிலேயே பிறந்தார். தமிழுக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு நெடியது என்பதற்கு இவை போதிய சான்றுகளாகும்.

ஆயினும், ஒரு மொழி ஒரு கரையில் நிலைபெறுவதும் நீங்குவதும் அம்மொழியின் தொன்மையினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. புத்தளத்துக்குத் தெற்கே சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையோரக் கத்தோலிக்க மக்கள் பலர், ஒரு காலத்தில் தமிழிலேயே பேசியும் செபித்தும் வாழ்ந்தவர்கள். அவர்தம் பாடசாலைகளின் போதனாமொழி இருபதாம் நூற்றாண்டிலே தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது. அதன் பின்னர் இரண்டொரு தலைமுறைக்குள், பாட்டியின் மொழி பேரனுக்கு அந்நியமாயிற்று. மக்களை எவரும் அவ்விடத்தினின்று அகற்றவில்லை. வகுப்பறையின் மொழி மட்டுமே மாறியது. மொழியின் விதியைத் தீர்மானிக்கும் இடங்களுள் கரும்பலகையும் ஒன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. இதே கரையில், 1990இன் பின்னர், இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றது. அதுவே இக்கட்டுரையின் பொருளாகும்.

1990 ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் தமிழீழ விடுதலைப் புலிகளின் ஆதிக்கத்திலிருந்த பகுதிகளில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள், அவ்வியக்கத்தினால் வெளியேற்றப்பட்டனர். இவர்தம் தொகை ஏறத்தாழ 75,000 எனக் கணிக்கப்படுகின்றது. யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. வீடும் கடையும் நகையும் விட்டு, சிறுதொகைப் பணத்துடனும் உடுத்த உடையுடனும் அவர்கள் புறப்பட்டனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஏனையோர் வவுனியா, அனுராதபுரம் வழியாகத் தரைமார்க்கமாக வந்து சேர்ந்தனர். பல தலைமுறைகளாக ஒரே கிணற்றில் நீர் அள்ளியவர்கள் பிரிக்கப்பட்டமை, தமிழ் பேசும் மக்களின் வரலாற்றில் மறைக்கவியலாத ஒரு களங்கமாகும்.

வந்தோரிற் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். இம்மாவட்டத்து முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தோட்டங்களையும் திறந்துவிட்டனர். தமது உலையில் ஏறிய சோற்றைப் பங்கிட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் தோன்றின. ஆலங்குடா முதல் பாலாவி வரை, தென்னைகளின் நிழலில் கிடுகுக் கொட்டில்கள் வரிசையாய் எழுந்தன. உணவுக்கும் நீருக்கும் அடுத்தபடியாகப் பெற்றோர் கேட்ட கேள்வி, பிள்ளைகள் எங்கே படிப்பது என்பதே.

இக்கேள்விக்குக் கிடைத்த விடைகள் பலவாயின. உள்ளூர்ப் பாடசாலைகள் சில, காலையில் தம் மாணவர்க்கும் மாலையில் வந்தோரின் பிள்ளைகளுக்கும் இடமளித்தன. முகாம்களிடையே கொட்டில்களிலும் மரநிழல்களிலும் வகுப்புகள் ஆரம்பமாயின. நாகவில்லுவில் குடியேறிய எருக்கலம்பிட்டி மக்கள், தாம் இழந்த ஊரின் பெயரையே தம் பாடசாலைக்குச் சூட்டினர். இடம்பெயர்ந்தோருள் அரசாங்க ஆசிரியர் பலர் இருந்தபோதிலும் பிள்ளைகளின் தொகைக்கு அவர்கள் போதவில்லை. அவ்விடைவெளியை நிரப்பியவரே தொண்டர் ஆசிரியர்.

தொண்டர் ஆசிரியர் என்போர் முறையான நியமனம் பெறாதவர். ஊதியமின்றியோ, பெற்றோர் திரட்டிக் கொடுக்கும் சிறுதொகையுடனோ கற்பிப்பவர். என்றேனும் ஒருநாள் நிரந்தர நியமனம் கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பே இவர்களை வகுப்பறையில் நிறுத்திவைத்தது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நன்கு அறியப்பட்ட இம்முறை, முகாம் வாழ்விலே புதியதொரு பொருளைப் பெற்றது. தாமே படிப்பை இடையிற் கைவிட்டு வந்த இளைஞரும் யுவதிகளும், தம்மினும் சில ஆண்டுகளே இளையோருக்கு ஆசிரியராயினர்.

இவர்கள் பெற்ற பயிற்சி யாது என்னும் வினா இவ்விடத்து எழுவது இயல்பே. இலங்கையில் ஆசிரியப் பயிற்சிக்குரிய நிறுவன அமைப்பு அக்காலத்தில் விரிவடைந்துகொண்டிருந்தது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய கல்வி நிறுவகமும், 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தினால் கல்வியியற் கல்லூரிகளும் சட்ட வடிவம் பெற்றிருந்தன. முஸ்லிம் ஆசிரியர்களுக்கென அட்டாளைச்சேனையிற் கலாசாலை ஒன்று 1941 முதலே இயங்கிவந்தது. எனினும், முகாமிலிருந்த தொண்டருக்கு இக்கதவுகள் எளிதில் திறக்கவில்லை. நியமனம் இருந்தாற் பயிற்சி. பயிற்சி இருந்தால் நிலையான நியமனம். இரண்டுமற்றவர் வாயிலிலேயே நின்றனர்.

ஆகவே, அவருக்கு வகுப்பே கலாசாலையாயிற்று. முதிய ஆசிரியரின் அருகிலிருந்து கேட்பதும், மறுநாட் பாடத்தை முன்னிரவில் விளக்கொளியிற் படித்துக்கொள்வதுமே அவரது பயிற்சி. ஒரே கொட்டிலில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒரு வகுப்புக்கு எழுத்துவேலை கொடுத்து மறுவகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் உத்தியை எந்த நூலும் அவருக்குக் கற்பிக்கவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, புத்தளம் எனப் பல வட்டாரங்களின் பேச்சுவழக்குகள் ஒரே பாயில் அமர்ந்திருந்தன. அவற்றையெல்லாம் பாடநூலின் பொதுத்தமிழுக்கு இட்டுச்செல்வதும் அவரது பணியாயிற்று.

இதனைத் தியாகம் என்று மட்டும் போற்றி அமைதல் வரலாற்று நோக்காகாது. பயிற்சியற்ற ஆசிரியரிடம் கற்ற பிள்ளை, பயிற்சி பெற்றோரிடம் கற்ற பிள்ளையுடன் ஒரே பரீட்சையிற் போட்டியிட நேர்ந்தது. அரசு ஆற்றவேண்டிய கடமையை வறியவரின் ஊதியமற்ற உழைப்பு சுமந்தது. மேலும், வளங்கள் குறைந்த மாவட்டத்தில் வந்தோர் தொகை பெருகியபோது, பாடசாலை இடங்கள், அரச வேலைகள், பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்டப் பங்கீடு ஆகியவை குறித்து உள்ளூரவர்க்கும் வந்தோர்க்கும் இடையே மனத்தாங்கல் தோன்றியது. விருந்தோம்பிய கைகளே பின்னர் கணக்குப் பார்க்க நேர்ந்தமைக்கு அம்மக்களைக் குறைகூறுதல் முறையன்று. பற்றாக்குறையைப் பங்கிடுமாறு இரு சாராரையும் விட்டுவைத்த அமைப்பே குறைக்குரியது. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவரும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியராய் விளங்கியவருமான எஸ். எச். ஹஸ்புல்லா, இம்மக்களை மறக்கப்பட்டோர் எனத் தம் 2001ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலேயே குறித்தமை பொருத்தமானதே.

இனி, தமிழ் பயில்வோர் சிறப்பாக நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தமிழின் பெயரால் ஆயுதமேந்தியோரால் துரத்தப்பட்ட மக்கள், தமிழைத் துரத்தவில்லை. சிங்களம் பெருவழக்காயுள்ள மாகாணத்தில், வேறு போதனாமொழியை நாடுவதற்கு அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன, கசப்பும் இருந்தது. எனினும், கிடுகுக் கொட்டிலின் முதல் நாட் பாடம் 'அ' என்றே தொடங்கியது. சிலாபக் கரையிற் போதனாமொழி மாறியதால் நேர்ந்தது, புத்தளத்து முகாம்களில் நேராமற் போனமைக்கு, புத்தளத்து முஸ்லிம்களின் தமிழ்ப் பாடசாலைகள் ஒரு காரணமெனின், ஊதியமற்ற அவ்வாசிரியர் மற்றொரு காரணமாவர்.

2002 ஏப்ரிலில் விடுதலைப் புலிகளின் தலைவருக்கும் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரசின் தலைவருக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு, வடபுல முஸ்லிம்கள் மீளத் திரும்பும் உரிமையை ஏற்றது. 2009இல் போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் திரும்பினர். மற்றொரு பகுதியினர் புத்தளத்திலேயே வேரூன்றினர். முகாமிற் பிறந்த பிள்ளைக்கு எது ஊர் என்ற வினாவுக்கு உடன்பாடுகள் விடை தரவில்லை.

ஈழத்துத் தமிழ்க் கல்வி வரலாற்றை எழுதுவோர், வட்டுக்கோட்டையையும் வண்ணார்பண்ணையையும் கூறுவர், அது தக்கதே. அவ்வரலாற்றிலே பாலாவிக்கும் ஆலங்குடாவுக்கும் ஓர் அதிகாரம் உரியது. அதனை எழுதும் கடமை, அம்மக்களை வெளியேற்றியபோது மௌனமாயிருந்த சமூகத்தின் வழிவந்தோருக்கே முதலில் உண்டு.