உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்

சென்னை கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இயங்கிய சைவ உணவகம். உடுப்பி ஓட்டல் மரபைப் பரப்பிய கே. கிருஷ்ணராவ் தொடங்கியது. 1921இல் அமெரிக்காவின் டல்லாஸில் தோன்றிய, காருக்கே வந்து பரிமாறும் முறையை மரநிழலுக்கும் மசால் தோசைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டது. தட்டைக் கார்க் கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே நாற்காலிகள் இருந்தன. மாணவர்களும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளும் ஒரே காபியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவார்கள், யாரும் எழுப்பமாட்டார்கள். பழைய வாடிக்கையாளர்கள் இன்றும் ஏங்குவது ருசியைவிட இந்தத் தாராளத்துக்குத்தான் எனலாம். வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த அந்த நிலத்தை அரசு மீட்டதால் உணவகம் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010 நவம்பர் 24 அன்று செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.