நமது பூப்பாத்தியின் பூர்வீகம்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, அதிபர்களின் வரலாறும் கட்டடங்களின் வரலாறும் தகுந்தவர்களால் எழுதப்படும் என்பதை அறிந்திருந்தேன். எனவே வேறெவரும் எழுதமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றிய ஒன்றை எடுத்துக்கொண்டேன். மண்டப வாசலுக்கு முன்னே, வெள்ளையடித்த கற்களால் வரம்பு கட்டியிருந்த அந்த நீளமான பூப்பாத்தியைப் பற்றியே எழுதுகிறேன். அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் இக்கல்லூரியில் படித்து முடித்தவர் எவரும் இருக்க முடியாது.

பாத்தியின் பின்வரிசையில் கோழிக்கொண்டையும் கொஸ்மோசும் நிற்கும். நடுவில் சீனியாவும் செவ்வந்தியும் காசித்தும்பையும். அவற்றின் முன்னே வாடாமல்லிகை. கல்வரம்பின் ஓரமாக, வெயில் ஏறினால் விரியும் ஜப்பான் ரோசா. இவற்றை நாம் ஊர்ப் பூக்கள் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் பூர்வீகம் தேடினால், இவற்றுட் பல நம்மில் பலரைப் போலவே கடல் தாண்டிக் குடியேறியவை.

நாம் செவ்வந்தி என்று மாலை கட்டும் மேரிகோல்டின் தாயகம் மெக்சிக்கோ. ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய 16ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்குச் சென்றது. ஆங்கிலேயர் அதன் ஓரினத்துக்கு ஆபிரிக்கப் பெயரும் மற்றதற்குப் பிரெஞ்சுப் பெயரும் சூட்டினர். இரண்டும் பொருந்தாத பெயர்கள். கொஸ்மோசும் மெக்சிக்கோவிலிருந்து மட்ரிட் நகரத் தாவரவியற் பூங்காவுக்குச் சென்றதே. 1791இல் அதற்குப் பெயரிட்டவர் அங்கே பணியாற்றிய கவனியெஸ். சீனியாவும் அதே நாட்டுச் செடி. 31 வயதில் காலமான ஜேர்மன் பேராசிரியர் சின் என்பவரின் நினைவாக லின்னேயஸ் அதற்குப் பெயரிட்டார். ஜப்பான் ரோசாவுக்கும் ஜப்பானுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது தென் அமெரிக்காவில், ஆர்ஜென்ரீனா, பிரேசில் பக்கத்து வெயில் நிலங்களில் வளர்வது.

காசித்தும்பையின் பயணமோ எதிர்த்திசையிலானது. இந்தியாவையும் அதை அடுத்த நாடுகளையும் சேர்ந்த அச்செடி 16ஆம் நூற்றாண்டளவிலேயே ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்துவிட்டது. ஆகவே நமது பாத்தியில் வந்தவர்களும் இருந்தவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

இச்செடிகளைப் பாத்தியில் வரிசையாக நிறுத்தும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் கண்ணாடி வீடுகள் பெருகின. 1845இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். குளிருக்குத் தாங்காத செடிகளைக் கண்ணாடி வீட்டில் நாற்றாக வளர்த்து, கோடையில் வெளியே கொண்டுவந்து கம்பளம் விரித்தாற்போல நடுவது அக்கால மோகமானது. பின்னர் இதை மறுத்தவர்களும் தோன்றினர். ஓவியம் பயின்று, பார்வை குன்றியதால் தோட்டக்கலைக்குத் திரும்பிய கேட்ரூட் ஜீக்கில் அம்மையார் 1908இல் வெளியிட்ட நூலில், நிறங்களைக் கலந்து தூவாமல் கூட்டங் கூட்டமாக நட வேண்டும் என்றார். அவரது நீண்ட பாத்தியின் இரு முனைகளிலும் நீலமும் வெள்ளையும் போன்ற குளிர்ந்த நிறங்கள் இருக்கும். நடுவில் செம்மஞ்சளும் சிவப்பும் எரியும்.

இலங்கையில் பேராதனைப் பூங்கா 1821இலும் ஹக்கலைப் பூங்கா 1861இலும் தொடங்கப்பட்டன. பேராதனையில் பணியாற்றிய மக்மிலன் 1910இல் வெளியிட்ட வெப்பவலயத் தோட்டக்கலைக் கைந்நூல் நீண்ட காலம் தோட்டக்காரரின் வழிகாட்டியாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடசாலைத் தோட்டங்களை அரசும் ஊக்குவித்தது. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1806இல் தொடங்கிய சட்டன்ஸ் போன்ற வியாபாரிகளின் விதைகளும் கடல் கடந்து விற்பனையாயின.

நான் படித்த 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கு அது நல்ல காலம். படம் போட்ட பூவிதைப் பைக்கற்றுகளை மட்டும் காணக் கிடைக்கவில்லை. எங்கள் தாவரவியல் ரீச்சர் அதற்காகக் கவலைப்படவில்லை. "விதை கடையிலையே பிள்ளையள் காய்க்குது?" என்று கேட்டுவிட்டு, எங்களைப் பாத்திக்கு அழைத்துச் சென்றார்.

அவரது முறையை இன்றும் சொல்ல முடியும். கார்த்திகை மழை தணியும் வேளையில், மூன்றாந் தவணை முடியுமுன், தாழ்வாரத்தின் கீழே தட்டுகளில் விதைப்போம். செம்மண், மணல், உக்கிய சாணம் மூன்றும் அரித்துக் கலந்திருக்கும். சீனியா விதையைக் கால் அங்குல ஆழத்தில் மூடவேண்டும். தூசி போன்ற ஜப்பான் ரோசா விதையை மணலோடு கலந்து தூவி, மூடாமல் விடவேண்டும். தை பிறக்கும் வேளையில் நாற்றுகளை மாலை வெயில் சாய்ந்தபின் நட்டு, மூன்று நாளைக்கு வாழைமடலால் நிழல் கொடுப்போம். சீனியாவுக்கும் செவ்வந்திக்கும் ஓரடி இடைவெளி, ஜப்பான் ரோசாவுக்கு அரை அடி. சீனியா ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளவேண்டும். கிள்ள மனம் வராமல் நின்ற எங்களிடம், ஒரு பூவை விட்டால் ஆறு பூ வரும் என்பார். நிறங்களைத் தூவாதே, கூட்டமாக வை என்பதும் அவர் சொன்னதே. மாசியில், விளையாட்டுப்போட்டி நாளன்று, பாத்தி நிறைந்திருக்கும்.

பங்குனி வெயிலில் விதை எடுப்போம். காசித்தும்பைக் காய் முற்றினால் விரல் பட்டதும் வெடித்துச் சிதறும். ஆகவே பச்சை மஞ்சளாக மாறும் நாளிலேயே பறித்துவிட வேண்டும். மற்றவற்றின் தலைகளைக் காம்போடு வெட்டி நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தல்களில் அடைப்போம். உயர்தரம் முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவிக்கும் ரீச்சர் ஒரு கடதாசிச் சுருளில் விதை கொடுப்பார். அதை வாங்கிய பலர் எங்கேயோ வைத்து மறந்திருப்பார்கள்.

பாத்தியோரத்தில் தானாக முளைத்த பட்டிப்பூவை மட்டும் நாங்கள் களையென்று பிடுங்கி எறிந்தோம். நித்தியகல்யாணி என்றும் சொல்லப்படும் மடகஸ்காரைச் சேர்ந்த அச்செடியின் இலைகள், 1952இல் ஜமெய்க்காவிலிருந்து ஓர் உறையில் கனடாவுக்குச் சென்றன. நீரிழிவுக்கு உதவுமா என்று பார்க்கவே அனுப்பப்பட்டன. ஒன்ராறியோவில் நோபிள், பியர் என்ற இருவர் நடத்திய ஆய்வு 1958இல் புற்றுநோய்க்கான மருந்தொன்றில் முடிந்தது. அதே செடியிலிருந்து பின்னர் பெறப்பட்ட இன்னொரு மருந்து, இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. கனடாவில் வாழும் நம் சகோதரிகள் இதை அறிந்தால் மகிழ்வார்கள்.

1995இல் நான் இங்கேயே ஆசிரியையாக இருந்தேன். ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, விதைப் போத்தல்கள் ஆய்வுகூடத்து அலுமாரியில் இருந்தன. நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்றபோதுதான் அவற்றின் நினைவு வந்தது. அம்மாவின் கையைப் பிடித்திருந்த எனக்கு, விதையை நினைப்பதே வெட்கமாக இருந்தது. எவரிடமும் சொல்லவில்லை.

1996 வைகாசியில் தென்மராட்சியிலிருந்து திரும்பினோம். அலுமாரியே இல்லை. ஆனால் பாத்தியில், இடுப்பளவு புல்லின் நடுவே, காய்ந்த தண்டுகள் நின்றன. எவரும் இல்லாத அந்த மாரியில் காசித்தும்பையும் வாடாமல்லிகையும் கோழிக்கொண்டையும் தாமாகவே முளைத்துப் பூத்து விதைத்திருந்தன. நானும் நான்கு மாணவிகளும் அன்று பின்னேரம் வரை விதை பொறுக்கினோம். சீனியா மட்டும் ஒன்றுகூட இல்லை.

இரண்டு ஆண்டுகளின் பின், கப்பலில் வந்த தபாலில் மட்டக்களப்பிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தது. அங்கே மணமுடித்துச் சென்ற பழைய மாணவி ஒருவர், ரீச்சர் கொடுத்த சுருளை ஆண்டுதோறும் விதைத்து வந்திருக்கிறார். உறைக்குள் ஒரு கரண்டியளவு சீனியா விதை இருந்தது. அவை பூத்தபோது முன்னிருந்த மஞ்சளும் வெள்ளையும் இல்லை. ஏறக்குறைய எல்லாமே இளஞ்சிவப்பு. தேனீக்கள் கலந்துவிட்டதன் விளைவு அது. எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது.

இப்போது அந்தப் பாத்தியில் பாதி, வாகனங்கள் நிற்பதற்காகக் கல் பதிக்கப்பட்டுவிட்டது. மிச்சப் பாதியில் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் இலைச்செடிகளை வைக்கலாம் என்ற யோசனையும் உண்டு. பராமரிப்புக் குறைவு என்பது உண்மைதான். ஓராண்டுச் செடிக்கு ஆண்டுதோறும் ஒருவர் குனிய வேண்டும். ஆயினும் அந்தப் பாதியையாவது மாணவிகளின் கையிலேயே விட்டுவைக்கும்படி சங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன். கற்பிக்க ஒரு சிலர் இன்னும் இருக்கிறோம்.

விழாவுக்கு வரும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு விதைகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவராதீர்கள். அதற்கு முன்னனுமதி வேண்டும். இங்கே நம்மிடம் விதை இருக்கிறது. இலங்கைக்குள்ளே இருப்பவர்கள், பழைய சுருளிலிருந்து வந்த மஞ்சள் சீனியாவோ வெள்ளைச் சீனியாவோ உங்கள் முற்றத்தில் இன்னும் பூத்தால், ஒரு தலையைக் காயவைத்து அனுப்புங்கள். கார்த்திகைக்கு முன் கிடைத்தால், வரும் மாசியில் பார்க்கலாம்.