உதயசங்கரரும் மேனாட்டரங்குகளும்

ஓவியம் பயிலும்பொருட்டு 1920-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் சென்ற உதயசங்கரர், ஆடல்வல்லாராய் உலகறிய விளங்கியது வியத்தற்குரிய வரலாறாகும். 1900-இல் உதயபுரியிற் பிறந்த வங்காளியராகிய இவர் ஆங்கு அரசர் கலைக்கல்லூரியிற் பயின்றார். உருசிய நாட்டு ஆடலரசியாகிய அன்னா பாவ்லோவா அம்மையார் இவர்தந் திறங்கண்டு தமக்குத் துணையாகுமாறு வேண்டினார். 1923-இல் இலண்டன் அரங்கில் அவ்வம்மையார் இராதையாகவும் இவர் கண்ணனாகவும் ஆடினர்.

ஆயின், அந்நாளில் இவர் ஆசானொருவர்பால் முறையாக நடனம் பயின்றவரல்லர். ஓவியங்களிலுஞ் சிற்பங்களிலுங் கண்ட மெய்ந்நிலைகளையே தம் உடலில் அமைத்துக்கொண்டார். மரபறிந்தார் இதனைக் குறையென்பர், குறையே. எனினும், அச்சிற்பங்களைச் சமைத்தாரும் ஆடலைக் கண்டே சமைத்தனராதலின், கல்லில் உறைந்த கூத்து மீண்டும் மனிதவுடலில் இயங்கிற்றென்றல் பொருந்தும்.

1930-இல் சுவிஸ் நாட்டுச் சிற்பியாராகிய ஆலிஸ் போனர் அம்மையாருடன் தாய்நாடு போந்து, கோயில்களையும் எல்லோரா முதலிய குகைச்சிற்பங்களையுங் கண்டு, இசைவாணரைத் திரட்டி மீண்டார். 1931 மார்ச்சுத் திங்களிற் பாரிஸ் நகரில் அக்குழு அரங்கேறிற்று. இக்குழுவினர் மேனாட்டரங்குகளில் ஆடிய கூத்துக்களுள் சிவபெருமான் கஜாசுரனை வெல்லுந் தாண்டவமும் ஒன்று. அட்டவீரட்டங்களுள் வழுவூர்க்குரிய வரலாறு கடல்கடந்து ஆடப்பெற்றமை நம்மனோர்க்கு எண்ணுந்தொறும் இனிப்பதாம்.

பின்னர்க் கதகளி வல்ல சங்கரன் நம்பூதிரியாரை ஆசானாகக் கொண்டார். புகழெய்தியபின் மாணாக்கராய் அமர்தல் யாவர்க்கும் எளிதன்று. 1930-களின் இறுதியில் இமயச்சாரலில் அல்மோராவில் இவர் நிறுவிய கலைநிலையத்தில் அந்நம்பூதிரியாரும், பாலசரஸ்வதி அம்மையாரின் ஆசானாகிய கந்தப்ப பிள்ளையும், இசைப்பேரறிஞர் அல்லாவுதீன் கானும் கற்பித்தனர். பொருண்முட்டால் அந்நிலையஞ் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. மனைவியார் அமலாவோடு இவர் ஆடிய ‘கல்பனா’ என்னுந் திரைப்படம் சென்னை ஜெமினி நிலையத்திற் படமாக்கப்பெற்று 1948-இல் வெளிவந்தது.