எல்லையின் இரு பக்கமும் படிக்கிற செய்தி

ஓசூரின் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம் தொடங்கிவிடும். பெங்களூரு 40 கிலோமீட்டர், சென்னை 300 கிலோமீட்டர். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் எண்பதுகளிலேயே வந்துவிட்ட ஊர். ஆனாலும் சென்னைப் பத்திரிகைக்கு இது தொலைவு, பெங்களூருப் பத்திரிகைக்கு வேறு மாநிலம். டெல்லித் தொலைக்காட்சிகளுக்கோ தெற்கு முழுவதுமே ஓரம்தான்.

அந்தக் குறையிலிருந்து பிறந்தது 'தி நியூஸ் மினிட்' என்ற இணையச் செய்தித்தளம். டைம்ஸ் நவ் தொலைக்காட்சியில் தென்னிந்தியச் செய்திகளைக் கவனித்துவந்த தன்யா ராஜேந்திரன், விக்னேஷ் வெல்லூர், போபர்ஸ் ஊழலைத் துருவி எழுதிய சித்ரா சுப்ரமணியம் ஆகியோர் இதை 2014-இல் தொடங்கினார்கள். தலைமையிடம் பெங்களூரு, மொழி ஆங்கிலம், களம் ஐந்து தென் மாநிலங்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27-இல்தான் பெங்களூரு பரப்பன அக்ரஹாராவில் ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கில் தீர்ப்பு வந்தது. தமிழக அரசியலின் பெரிய செய்தி ஓசூர் சாலையின் மறுமுனையில், கர்நாடக மண்ணில் நடந்தது.

இப்படி ஒரு தளம் ஏன் தேவை என்பது எனக்கு உறைத்தது 2016 செப்டம்பரில். காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் ஒரு தமிழ் மாணவரை அடித்து மன்னிப்புக் கேட்கவைத்த காணொளி தமிழ்நாடெங்கும் பரவியது. பதிலுக்கு ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டுநர் ஒருவர் தாக்கப்பட்டார். அந்தக் காணொளி கன்னடத் தொலைக்காட்சிகளில் ஓடியது. 12-ஆம் தேதி பெங்களூரில் தமிழ்நாட்டு நிறுவனமான கே.பி.என்.-இன் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. எல்லையில் பேருந்துகள் நின்றுவிட, மூட்டை முடிச்சோடு ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே ஜனங்கள் நடந்தே கடந்தார்கள். இரண்டு காணொளிகளும் பொய்யல்ல. ஆனால் அவரவர் பக்கத்து அடி மட்டுமே அவரவருக்குத் தெரிந்தது.

தமிழில் எழுதினால் தமிழர் மட்டும் படிப்பார்கள், கன்னடத்தில் எழுதினால் கன்னடர் மட்டும். ஆங்கிலத்தில் எழுதிய வரியை இருவருமே படித்துவிடுவார்கள்; ஒரு பக்கத்துக்குச் சாய்ந்தால் மறுபக்கம் அன்றைக்கே பிடித்துவிடும். இந்தத் தளத்தை நம்புவதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் இதுதான். எழுதிய நிருபரின் பெயர் செய்தியிலேயே இருப்பது அடுத்த காரணம்.

2018 நவம்பரில் ஓசூர்ப் பக்கத்து இளந்தம்பதி சாதி ஆணவத்தால் கொல்லப்பட்டு, உடல்கள் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் கிடைத்தன. குற்றத்தின் வேர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், விசாரணையின் தொடக்கம் மண்டியா மாவட்டத்தில். இரு மாநிலக் காவல்துறையையும் கேட்டு எழுத ஆள் இல்லாவிட்டால், இத்தகைய கொலை இரண்டு துண்டுச் செய்திகளாகச் சிதறிப்போகும்.

ஆனால் 2023 மார்ச்சில் வேறொரு பள்ளம் தெரிந்தது. பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுகிறார்கள் என்ற வதந்தி, சம்பந்தமில்லாத பழைய காணொளிகளோடு பரவியது. தமிழ்நாட்டின் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மறுத்தார். ஆங்கிலத்தில் உண்மை சரிபார்ப்புகளும் வந்தன. வதந்தி போனதோ இந்தியில், வாட்ஸ்அப்பில். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் இளைஞருக்கு ஆங்கிலக் கட்டுரை எத்தனை நேர்மையாக இருந்தும் என்ன பயன்? மாவட்ட நிர்வாகங்களும் காவல்துறையும் இந்தியில் பேசி, உதவி எண் கொடுத்துத்தான் பயத்தைத் தணிக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை அடுத்த முறை ஒரு செய்தித்தளமே, வதந்தி பரவும் அதே மொழியில், அதே நாளில் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.